சென்னையில் இருந்து துபாயும் சிங்கப்பூரும் ஒரே தூரம்தான்.. அப்புறம் ஏன் டிக்கெட்டில் 3 மணி நேரம், 7 மணி நேரம்னு வருது? விழுப்புரம், திண்டிவனம் பயணிகள் கவனத்துக்கு!

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, விக்கிரவாண்டி பக்கம் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது ஒருத்தர் வெளிநாட்டில் இருப்பார். துபாய், குவைத், கத்தார், சிங்கப்பூர், மலேசியா என்று ஊர் மட்டும்தான் மாறும். டிக்கெட் போன் ஸ்க்ரீனில் வந்ததும் வீட்டில் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை மணி நேரம்ப்பா போகணும்?" என்பதுதான். டிக்கெட்டில் இருக்கும் புறப்படும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் கழித்துப் பார்த்து ஒரு பதில் சொல்லிவிடுகிறோம். அந்தப் பதில் பெரும்பாலும் தப்பு.

எப்படித் தப்பு என்பதைப் பார்க்க, சென்னையில் இருந்து கிளம்பும் இரண்டு விமானங்களை எடுத்துக்கொள்வோம். நேரங்கள் உதாரணத்துக்கு மட்டும். ஒன்று, அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி காலை 7 மணிக்கு துபாய் போகிறது. கழித்தால் 3 மணி நேரம். இன்னொன்று, இரவு 11.15-க்குக் கிளம்பி மறுநாள் காலை 6.05-க்கு சிங்கப்பூர் போகிறது. கழித்தால் 6 மணி 50 நிமிடம். இதைப் பார்த்தால் துபாய் பக்கத்தில் இருக்கிறது, சிங்கப்பூர் ரொம்ப தூரம் என்றுதான் தோன்றும்.

ஆனால் சென்னையில் இருந்து துபாய் சுமார் 2,930 கி.மீ. சிங்கப்பூர் சுமார் 2,920 கி.மீ. ஒன்று மேற்கே, இன்னொன்று கிழக்கே, தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். விமானத்தில் உட்கார்ந்திருக்கும் நேரமும் இரண்டுக்கும் ஏறத்தாழ நாலேகாலில் இருந்து நாலரை மணி நேரம்.

வித்தியாசம் எங்கே வருது?

டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரங்களும் இரண்டு வேறு கடிகாரங்கள். புறப்படும் நேரம் இந்தியக் கடிகாரப்படி. இறங்கும் நேரம் இறங்குகிற ஊர்க் கடிகாரப்படி. உலகம் முழுக்க எல்லா விமான நிறுவனங்களும் இப்படித்தான் அச்சடிக்கின்றன. இந்த ஒரு விஷயம் தெரியாததால்தான் பாதி குழப்பம்.

துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அதனால் அங்கே காலை 7 மணி என்றால் விழுப்புரத்தில் 8.30. நாலு மணிக்குக் கிளம்பியவர் எட்டரைக்கு இறங்குகிறார், அதாவது நாலரை மணி நேரப் பயணம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே 6.05 என்றால் இங்கே அதிகாலை 3.35. இரவு 11.15-ல் இருந்து எண்ணினால் 4 மணி 20 நிமிடம்.

மற்ற ஊர்களுக்கும் இதே கணக்குதான். ஓமனுக்கு துபாய் மாதிரியே ஒன்றரை மணி நேரம் பின்னால். சவுதி, குவைத், கத்தார், பஹ்ரைன் நாலுக்கும் இரண்டரை மணி நேரம் பின்னால். மலேசியாவுக்கு சிங்கப்பூர் நேரம்தான். இலங்கைக்கும் நமக்கும் வித்தியாசமே கிடையாது. லண்டன், பாரிஸ் மட்டும் கொஞ்சம் தொல்லை. அங்கே மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு திரும்பப் பின்னால் தள்ளுவார்கள். அதனால் லண்டன் கோடையில் நாலரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் பின்னால். பாரிஸ் கோடையில் மூன்றரை, குளிரில் நாலரை.

வீட்டில் பழைய சிங்கப்பூர்க்காரர் யாராவது இருந்தால், "ரெண்டு மணி நேரம்தானே வித்தியாசம்" என்று அடித்துச் சொல்லக்கூடும். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1981 வரைக்கும் வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரும் மலேசியாவும் சேர்ந்து கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் நகர்த்திவிட்டன.

கணக்குப் போட வேண்டாம் என்றால், டிக்கெட்டிலேயே 'டூரேஷன்' என்று ஒரு வரி இருக்கும். உண்மையான பயண நேரம் அதுதான். நடுவில் ஒரு ஊரில் இறங்கி மாறிப் போகும் டிக்கெட்டாக இருந்தால், காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து மொத்தமாகக் காட்டியிருக்கிறதா, ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகக் காட்டியிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2,930 கி.மீ-க்கு நாலரை மணி நேரம் ஏன்?

பெரிய ஜெட் விமானம் மேலே போனதும் மணிக்கு 800 முதல் 900 கி.மீ வேகத்தில் பறக்கும். அந்தக் கணக்கில் துபாய்க்கு மூன்றரை மணி நேரம் போதும். மீதி ஒரு மணி நேரம் எங்கே போகிறது?

கால அட்டவணையில் போடும் நேரம், விமானம் நிற்கும் இடத்தில் இருந்து நகரத் தொடங்கும் நிமிடத்தில் ஆரம்பித்து, அந்த ஊரில் போய் நிற்கும் நிமிடம் வரைக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும் வரை வரிசையில் காத்திருப்பது, மேலே ஏறுவது, இறங்குவதற்கு முன்னால் வானத்திலேயே வட்டமடிப்பது எல்லாம் இதில் சேரும். தூரம் என்று நாம் சொல்வது இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே பூமியின் மேல் அளந்த மிகக் குறுகிய தூரம். விமானம் அப்படியே நூல் பிடித்த மாதிரி போவதில்லை. குறித்துக் கொடுத்த வான்வழிப் பாதையில்தான் போகும், கொஞ்சம் சுற்றும்.

குறுகிய தூரம் என்றாலும் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு கிடையாது. பூமி உருண்டை என்பதால் ஒரு உலக உருண்டை மேல் சென்னைக்கும் லண்டனுக்கும் நூலை இழுத்துப் பிடித்தால் என்ன வழி வருமோ அதுதான் குறுகிய வழி. அதையே தட்டையான வரைபடத்தில் வரைந்தால் வடக்குப் பக்கம் வளைந்த வில் மாதிரி தெரியும். சீட்டுக்கு முன்னால் இருக்கும் ஸ்க்ரீனில் "நேரா போகாம ஏன் இப்படிச் சுத்திப் போறான்" என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான். அந்த வழியில் சென்னை - லண்டன் சுமார் 8,200 கி.மீ. சென்னை - பாரிஸ் சுமார் 8,000 கி.மீ.

காற்றுக்கும் பங்கு உண்டு. உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்கே வீசும் பலமான காற்று இருக்கிறது, அதுவும் குளிர்காலத்தில் அதிகம். துபாய் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளும். அதனால் போவதற்கு நாலரை மணி நேரம் எடுக்கும் விமானம், வருவதற்கு நாலு மணி நேரம் வாக்கில் முடித்துவிடும். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ரொம்ப பக்கம் என்பதால் அந்த வழியில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

சில நேரம் அரசியலும் குறுக்கே வரும். 2025 ஜூன் 23-ம் தேதி கத்தார் தன் வான்வெளியைத் தற்காலிகமாக மூடியபோது, பாதி வழியில் இருந்த விமானங்கள்கூட வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டன. வளைகுடாவில் பதற்றம் என்று செய்தி ஓடும் நாளில் கிளம்புகிறவர்கள், வீட்டில் இருந்து புறப்படும் முன் விமான நிறுவனத்தின் ஆப்பை ஒரு முறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

நள்ளிரவு விமானம்: தேதியில்தான் ஆபத்து

நேரத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டால் பெரிய நஷ்டம் இல்லை, போய்ச் சேர்ந்ததும் தெரிந்துவிடும். தேதியைத் தப்பாகப் புரிந்துகொண்டால் விமானமே போய்விடும்.

சென்னையில் இருந்து வெளிநாடு போகும் விமானங்களில் நிறைய நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் நடுவில்தான் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 'ஜூன் 15, 00:40' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் பேச்சு வழக்கில் அது "14-ம் தேதி ராத்திரி". பஞ்சாங்கக் கணக்குப்படியும் நாள் என்பது சூரிய உதயத்தில் இருந்து அடுத்த சூரிய உதயம் வரை, அதனால் ராத்திரி பன்னிரண்டே முக்காலுக்கும் நம் மனதில் பழைய நாளே ஓடிக்கொண்டிருக்கும். விமான நிறுவனத்துக்கு நள்ளிரவு 12 அடித்ததும் 15-ம் தேதி பிறந்துவிடுகிறது.

15-ம் தேதி விமானம் என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, அன்று சாயந்தரம் பெட்டியைக் கட்டி, சொந்தக்காரங்க எல்லாம் வேன் பிடித்து மீனம்பாக்கம் போய் நின்றால், அந்த விமானம் அன்று விடியும் முன்பே துபாயில் இறங்கியிருக்கும். குறைந்த விலை டிக்கெட் என்றால் அந்தப் பணம் பெரும்பாலும் போச்சு. போகும் பயணத்துக்கு ஆள் வரவில்லை என்றால் அதே டிக்கெட்டில் இருக்கும் திரும்பும் பயணத்தையும் பல நிறுவனங்கள் தானாகவே ரத்து செய்துவிடும். விசா முடியும் தேதிக்குள் போய்ச் சேர வேண்டிய தொழிலாளி என்றால் பிரச்னை டிக்கெட் காசோடு நிற்காது.

இதைத் தவிர்க்க ஒரு எளிய வழி: டிக்கெட் கைக்கு வந்த உடனே, விமான நேரத்தை விட்டுவிட்டு வீட்டில் இருந்து கிளம்ப வேண்டிய தேதியையும் நேரத்தையும் காலண்டரில் எழுதிவிடுவது. மேலே சொன்ன 00:40 விமானத்துக்கு விழுப்புரத்துக்காரர் காலண்டரில் எழுத வேண்டியது, '14-ம் தேதி சாயந்தரம் 5.30'. அது எப்படி வந்தது என்பது அடுத்த கணக்கு.

வானத்தில் நாலரை மணி நேரம்.. தரையில் ஏழு மணி நேரம்!

விழுப்புரத்தில் இருந்து சென்னை விமான நிலையம் சாலை வழியாக சுமார் 150 கி.மீ. திண்டிவனத்தில் இருந்து சுமார் 110 கி.மீ. விழுப்புரத்தில் இருந்து வந்தால் விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று மூன்று டோல்கேட். திண்டிவனத்தில் இருந்து என்றால் ஆத்தூர், பரனூர் மட்டும். சாலை காலியாக இருந்தால் விழுப்புரத்தில் இருந்து மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஆனால் இந்தச் சாலையை 'காலியாக இருந்தால்' என்று நம்பிக் கிளம்பக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம், பொங்கல், தீபாவளி விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் நாட்கள், எல்லாமே சென்னையை நோக்கி வண்டிகள் நகராமல் நிற்கும் நேரம். செங்கல்பட்டில் ஆரம்பித்து பெருங்களத்தூர், தாம்பரம் வரைக்கும் எங்கே வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். தைப்பூசத்தை ஒட்டி மேல்மருவத்தூருக்கு செவ்வாடை பக்தர்கள் வரும் நாட்களில் அந்தப் பக்கமும் நெரிசல்தான். அதனால் சாதாரண நாளில் ஒரு மணி நேரம், இந்த மாதிரி நாட்களில் இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

விமான நிலையத்தில் சர்வதேசப் பயணிகள் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். இது சும்மா சொல்வது இல்லை. பெட்டி போடும் கவுண்ட்டர் பொதுவாக விமானம் கிளம்ப 60 நிமிடம் இருக்கும்போதே மூடப்படும், சில நிறுவனங்களில் அதற்கும் முன்பே. அதற்குப் பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் பெட்டியை வாங்க மாட்டார்கள். அடுத்து குடியேற்றச் சோதனை வரிசை, பாதுகாப்புச் சோதனை வரிசை.

இப்போது 4 மணி துபாய் விமானத்துக்குக் கணக்குப் போடலாம். நிலையத்தில் இருக்க வேண்டியது நள்ளிரவு 1 மணி. சாலைக்கு மூன்று மணி நேரம், கூடுதலாக ஒரு மணி நேரம். விழுப்புரத்தில் வீட்டைப் பூட்ட வேண்டியது முந்தைய நாள் இரவு 9 மணிக்கு. அதில் இருந்து விமானம் கிளம்பும் வரை 7 மணி நேரம். பறப்பது நாலரை மணி நேரம். திண்டிவனத்துக்காரர் ஒரு மணி நேரம் தாமதமாக, இரவு 10 மணிக்குக் கிளம்பினால் போதும்.

ரயிலா, பஸ்ஸா?

தெற்கே இருந்து சென்னைக்குப் போகும் எக்ஸ்பிரஸ்கள் விழுப்புரம் வழியாகத்தான் போகின்றன, அதனால் ரயிலுக்குக் குறைவில்லை. சிக்கல் என்னவென்றால், விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரிசூலம் நிலையத்தில் எக்ஸ்பிரஸ் நிற்காது. தாம்பரத்தில் இறங்கி புறநகர் மின்சார ரயில் பிடிக்க வேண்டும். நள்ளிரவு தாண்டி அதிகாலை வரை மின்சார ரயில் ஓடாது. ஆகவே காலை 10 மணி விமானத்துக்கு ராத்திரி ரயில் நல்ல வழி. விடிகாலை 4 மணி விமானத்துக்கு, முந்தைய நாள் இரவு ஒன்பது, பத்து மணிக்குள் தாம்பரம் வந்து சேரும் ரயில் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு 2023 டிசம்பர் 30-க்குப் பிறகு ஒரு மாற்றம். அதற்கு முன் தென்மாவட்ட பஸ்ஸில் ஏறினால் தாம்பரம் தாண்டியும் போகலாம். இப்போது கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் இறங்கி, அங்கிருந்து மாநகரப் பேருந்தோ, ஆட்டோவோ, கால் டாக்ஸியோ மாற வேண்டும். 30 கிலோ பெட்டியோடு இரண்டு முறை ஏறி இறங்குவதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரத்துக்கு இன்னொரு வழியும் இருக்கு

கிட்டத்தில் இருப்பது புதுச்சேரி விமான நிலையம்தான், விழுப்புரத்தில் இருந்து 40 கி.மீ வாக்கில். ஆனால் லாஸ்பேட்டையில் இருக்கும் அந்தச் சின்ன நிலையத்தில் இருந்து வெளிநாட்டுக்கு நேரடி விமானம் கிடையாது.

பலர் யோசிக்காத வழி திருச்சி. விழுப்புரத்தில் இருந்து திருச்சி விமான நிலையம் சுமார் 170 கி.மீ. சென்னைக்கு ஆகும் தூரத்தைவிட 20 கி.மீ-தான் அதிகம். வானத்துக் கணக்கும் அதேதான்: திருச்சி - துபாய் சுமார் 2,940 கி.மீ, திருச்சி - சிங்கப்பூர் சுமார் 2,980 கி.மீ. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய், ஷார்ஜா போன்ற ஊர்களுக்கு அங்கிருந்தே நேரடி விமானங்கள் உண்டு. புதிய முனையம் 2024 ஜூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், சமயபுரம் வழியாகப் போகும் சாலையில் தாம்பரம் மாதிரி நெரிசல் இல்லை. செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று டோல்கேட் இங்கேயும் மூன்று. டிக்கெட் விலையைப் பார்க்கும்போது இரண்டு நிலையங்களையும் போட்டுப் பார்க்கலாம். திண்டிவனத்துக்காரர்களுக்கு இது ஒத்துவராது, அவர்களுக்கு சென்னைதான் பக்கம்.

திருச்சி சாலையும் எல்லா நாளும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நடந்ததை இந்தப் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ-க்கு மேல் மழை. சென்னை விமான நிலையம் 30-ம் தேதி மதியம் மூடப்பட்டு, மறுநாள் அதிகாலைதான் திறந்தது. டிசம்பர் 2-ம் தேதி அரசூரில் தண்ணீர் தேசிய நெடுஞ்சாலை மேலேயே ஓட, சென்னை - திருச்சி போக்குவரத்து நின்றது. அதே நாளில் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களும் நிறுத்தப்பட்டன. விமானங்கள் மறுபடி பறக்க ஆரம்பித்த பிறகும், ஏற வேண்டியவர்களால் விழுப்புரத்தை விட்டு நகர முடியாத நிலை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை டிக்கெட் போடுகிறவர்கள், புயல் எச்சரிக்கை வந்தால் ஒரு நாள் முன்பாகவே தாம்பரம் பக்கம் போய்த் தங்கிவிடுவது பாதுகாப்பு.

கூட்டிட்டு வரப் போறவங்களுக்கு

திரும்பி வருபவர் அனுப்பும் டிக்கெட்டிலும் இதே தேதிக் குழப்பம் உண்டு. துபாயில் இருந்து '20-ம் தேதி இரவு 10.30' என்று இருந்தால், அப்போது இங்கே நள்ளிரவு 12 மணி. நாலு மணி நேரம் பறந்து சென்னையில் இறங்குவது 21-ம் தேதி அதிகாலை 4 மணி. இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக '+1' என்று போட்டிருப்பார்கள், மறுநாள் என்று அர்த்தம். அதைக் கவனிக்காமல் 20-ம் தேதி அதிகாலையே வேனை வரச் சொல்லிவிட்டால், வெயிட்டிங் சார்ஜ் சேர்த்துக் கொடுக்க வேண்டிவரும்.

4 மணிக்கு இறங்கினாலும் குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடித்து வெளியே வர ஐந்து ஐந்தரை ஆகிவிடும். வண்டிக்காரரிடம் விமானத்தின் எண்ணைக் கொடுத்துவிட்டால் அவரே போனில் பார்த்து நேரத்துக்கு வந்துவிடுவார். விழுப்புரத்தில் இருந்து ராத்திரி 12.30-க்குக் கிளம்பினால் போதும். விடியற்காலையில் சென்னையை விட்டு வெளியேறும் பக்கம் கூட்டம் குறைவு, அதனால் காலை எட்டரை மணிக்குள் வீட்டு வாசலில் இறங்கிவிடலாம்.